கடைசி நான்கு நிமிடம்: கல்லூரிக் கூடைப்பந்தில் கைக்கு வந்த ஆட்டத்தை முடிப்பது எப்படி

ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கைவிட்டுப் போனால் இரண்டே பேச்சுதான் அடிபடும். ஒன்று, "கடைசியில சொதப்பிட்டாங்க." இன்னொன்று, "ரெஃப்ரி கவுத்துட்டார்." அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த இரண்டையும் தனித்தனி நோயாக நினைத்து மருந்து தேடுவதில்தான் பல அணிகள் தவறுகின்றன.

2025 ஏப்ரலில், தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோர் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் டியூக் 70-67 எனத் தோற்றது. ஏறக்குறைய 20 விநாடி மிச்சம் இருக்கையில் டியூக்கின் கூப்பர் ஃபிளாக் மீது ரீபவுண்டில் (தவறிய பந்தைப் பிடிக்கையில்) எதிராளி முதுகின் மேல் ஏறியதாக ஒரு ஃபவுல் ஊதப்பட்டது. ஹூஸ்டனின் ஜேவான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) போட்டு அணியை முன்னிலைக்குக் கொண்டுபோனார். அந்த விசில் சரியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்கு முந்தைய பதினைந்து விநாடியை யாரும் பேசுவதில்லை. டியூக் பந்தை உள்ளே போடத் திணறிப் பறிகொடுத்தது. ஹூஸ்டன் தவறவிட்ட ஷாட்டை ஆளில்லாத இடத்தில் ஜோசப் டக்லர் எடுத்து டங்க் செய்தார். டியூக்கின் டைரீஸ் ப்ராக்டர் ஒன்-அண்ட்-ஒன்னின் (முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது எறிதல்) முதல் எறிதலைத் தவறவிட்டார். அந்தத் தவறிய பந்துக்கு முண்டியபோதுதான் விசில் வந்தது. மூன்றில் ஒன்று ஒழுங்காக நடந்திருந்தாலும் அந்த ஃபவுல் மறுநாள் காலையில் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

விசிலை நாம் ஊத முடியாது. நடுவரின் கைக்குப் போகும் சந்தர்ப்பங்களைக் குறைக்க முடியும். கீழே வருவதெல்லாம் அந்த வேலைதான். ஆண்கள் ஆட்ட விதிகளை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. பெண்கள் ஆட்டம் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கடிகாரமும் ஃபவுல் கணக்கும்

என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே மூன்று வித்தியாசம் உறுத்த வேண்டும். ஷாட் கிளாக் (ஒரு ஷாட் எடுக்க உள்ள நேரம்) 30 விநாடி. தாக்கும் அணியே ரீபவுண்ட் எடுத்தால் 20. ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து ஒன்-அண்ட்-ஒன், பத்தாவதிலிருந்து இரண்டு எறிதல். மூன்றாவதுதான் முக்கியம்: டைம்-அவுட் எடுத்தாலும் பந்து முன்கோர்ட்டுக்கு (எதிரணி வளையம் இருக்கும் பாதிக்கு) நகராது, 94 அடியையும் கடந்தே ஆக வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் அந்த நகர்த்தல் உண்டு. அவர்களுக்கு 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஐந்தாவது ஃபவுலிலிருந்தே இரண்டு எறிதல். அதனால் முடிவுகளும் வேறு.

கூடை விழுந்ததும் கடிகாரம் நிற்பது இரண்டாம் பாதியின் கடைசி நிமிடத்திலும் ஓவர்டைமின் கடைசி நிமிடத்திலும் மட்டும். 1:03-இல் விழும் கூடைக்குப் பின் கடிகாரம் ஓடும், 0:58-இல் விழுந்தால் நிற்கும். முன்னிலையில் இருக்கும் அணி 1:03-இல் எதிரணியிடம் கூடை வாங்கினால் பந்தை உள்ளே போட அவசரப்படவே கூடாது. அந்த நான்கு விநாடி இனாம். பின்தங்கிய அணி டைம்-அவுட் எடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. பின்கோர்ட்டிலிருந்து (நம் வளையம் இருக்கும் பாதி) பந்தைக் கடக்க உள்ள 10 விநாடி, நாம் டைம்-அவுட் எடுத்தால் புதிதாகத் தொடங்காது. ஏழு விநாடி கழிந்தபின் மடக்கப்பட்டு டைம்-அவுட் கேட்டால், திரும்பி வரும்போது கையில் மூன்றே விநாடிதான். அந்த நிலையில் பந்தை உள்ளே போடும்போதே நடுக்கோட்டைத் தாண்டி எறிய ஒரு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். 2015-16 சீசனில் வந்த இந்த மாற்றம் இன்னும் சில பெஞ்சுகளை எட்டாதது ஆச்சரியம்தான்.

ஒருவர் கையில் ஓர் அட்டை

தொலைக்காட்சியில் வரும் ஆண்கள் ஆட்டத்தில் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே முதல்முறை பந்து நிற்கும்போது மீடியா டைம்-அவுட் வரும். நான்கு நிமிடத்துக்குக் கீழே வருவதுதான் கடைசி இலவச டைம்-அவுட். அதை உற்சாகப் பேச்சில் கரைக்கக் கூடாது. உதவிப் பயிற்சியாளர் ஒருவர் உள்ளங்கை அளவு அட்டையில் இவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும்: இரு அணியின் ஃபவுல் எண்ணிக்கை, மிச்ச டைம்-அவுட், பொசெஷன் அம்பு (இரு அணியும் பந்தைப் பிடித்துக்கொண்டால் யாருக்கு என்று காட்டுவது) யார் பக்கம், நான்கு ஃபவுலோடு (ஐந்தானால் வெளியே) நிற்பவர்கள் யார், எதிரணியில் ஃப்ரீ த்ரோவில் மோசமானவர் யார், நல்லவர் யார், சேலஞ்ச் (நடுவர் முடிவை மறுபார்வைக்குக் கேட்கும் வாய்ப்பு) மிச்சம் இருக்கிறதா.

டைம்-அவுட் முடிந்து ஆட்டக்காரர்கள் உள்ளே போகும்போது ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: "நம்மகிட்ட டைம்-அவுட் ஒண்ணு, அம்பு அவங்க பக்கம்." சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். 1993 இறுதியாட்டத்தில் மிச்சிகன் 73-71 எனப் பின்தங்கியிருந்தபோது, 11 விநாடி இருக்கையில், கிறிஸ் வெபர் ஓரத்தில் மடக்கப்பட்டு, அணியிடம் இல்லாத டைம்-அவுட்டைக் கேட்டார். டெக்னிக்கல் ஃபவுல் (மோதல் இல்லாத விதிமீறலுக்கான தண்டனை), வட கரோலினா 77-71 என்று முடித்தது. அதே பொசெஷனில் (பந்து ஓர் அணியிடம் இருக்கும் ஒரு முறை), சில விநாடிகளுக்கு முன் அவர் பந்தைத் தட்டாமல் நடந்தது அப்பட்டமாகத் தெரிந்தும் விசில் வரவில்லை. நடுவர் விட்டுக்கொடுத்ததையும் அணியின் கணக்கு விடவில்லை.

ஓடும் பந்தில் பயிற்சியாளர் டைம்-அவுட் கேட்க முடிவது இரண்டாம் பாதியிலும் ஓவர்டைமிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும் என்பதையும் அட்டையின் தலையிலேயே எழுதுங்கள். அதற்கு முன் மைதானத்தில் இருப்பவர்தான் கேட்க வேண்டும். கேட்பவர் யார், எந்த நிலையில், என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

முன்னிலையில் இருந்தால்

பெரும்பாலான சொதப்பல் இங்கேதான் தொடங்குகிறது, அதுவும் பந்து பறிபோவதற்கு நெடுநேரம் முன்பே. ஆறு புள்ளி முன்னிலை, மூன்று நிமிடம். அணி நடுக்கோட்டருகே பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. ஷாட் கிளாக் 7-க்கு வந்ததும் ஒரு ஸ்கிரீன் (தடுப்பாளரின் வழியை உடம்பால் மறிப்பது), அவசர த்ரீ (மூன்று புள்ளி ஷாட்), தவறல். இப்படி மூன்று பொசெஷன் போனால் எதிரணி வந்து ஒட்டிக்கொள்ளும்.

நேரத்தைக் கரைப்பதில் தவறில்லை, கரைக்கும் முறைதான் தவறு. ஷாட் கிளாக் 20 ஆகும் வரை பந்தை இரண்டு பக்கமும் மாற்றுங்கள்; நின்ற இடத்தில் தட்ட வேண்டாம். 14-இல் உண்மையான ஆட்டத்தைத் தொடங்குங்கள். முதல் ஸ்கிரீன் பலிக்காவிட்டால் இரண்டாவதற்கு நேரம் இருக்க வேண்டும். 8-இல் தொடங்கினால் அது இருக்காது. வளையத்துக்கு நேராக ஒரு நுழைவு இல்லாமல் வெளியிலிருந்து ஷாட் கூடாது என்று கட்டுப்பாடு வையுங்கள். எதிரணி பத்து ஃபவுலை எட்டியிருந்தால் ஒவ்வொரு நுழைவும் இரண்டு எறிதலாக மாறலாம்.

பந்தை உள்ளே போடுவது தனிப் பாடம். 2016 மார்ச்சில் நார்தர்ன் அயோவா 44 விநாடி இருக்கையில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-ஐ விட 12 புள்ளி முன்னிலையில் இருந்தது. அது 71-71 ஆகி, இரண்டு ஓவர்டைமுக்குப் பின் 92-88 என்று தோல்வியில் முடிந்தது. தங்கள் வளையத்தடியில் பந்தை உள்ளே போட முடியாமல் திரும்பத் திரும்பக் கொடுத்ததுதான் காரணம். நடுவர் மீது பழிபோட அங்கே ஒன்றும் இல்லை.

செய்ய வேண்டியவை இவை. எறிபவர் அணியில் உயரமான, பதறாத ஆளாக இருக்கட்டும். பாயிண்ட் கார்டை (பந்தைக் கொண்டுபோகும் முதன்மை ஆட்டக்காரரை) எறிய விட்டால் பந்தை வாங்க ஆள் இருக்காது. கோட்டிலிருந்து ஓரடி பின்னால் நிற்கட்டும், வளையத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, பலகை தடுக்கும். எதிரணி கூடை போட்டபின் எறிபவர் பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னால் உள்ள கோடு) நெடுக ஓடலாம். கூடைக்குப் பின் டைம்-அவுட் வந்தாலும் அந்த உரிமை போகாது, நடுவரிடம் "ஓடலாமா?" என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்குபவர்களில் இருவர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருவருக்கொருவர் ஸ்கிரீன் போட, ஸ்கிரீன் போட்டவரே பந்தை நோக்கித் திரும்பி ஓட வேண்டும். எதிரணி ஆட்களை மாற்றிக்கொள்ளும்போது அவர்தான் திறந்து கிடைப்பார். ஒருவர் நடுக்கோட்டில், ஒருவர் எதிர் வளையத்தடியில். மூலைக்கு மட்டும் பாஸ் கூடாது: கோடு இரண்டு, ஆள் இரண்டு, நான்கு பக்கமும் சுவர். பந்தை உள்ளே போட ஐந்து விநாடிதான், எறிபவர் வாய்க்குள் எண்ண வேண்டும்: ஒன்று-இரண்டு முதல் ஆள், மூன்று இரண்டாவது ஆள், நான்கில் டைம்-அவுட். நடுவர் கையை வீசி எண்ணுவது கண்ணில் படும். ஐந்தாவது வீச்சுக்குக் காத்திருக்காதீர்கள்.

வாங்குபவர் உங்கள் அணியின் சிறந்த ஃப்ரீ த்ரோ எறியாளராக இருப்பது நல்லது. 70 சதவீதம் போடுபவர் ஒன்-அண்ட்-ஒன் கோட்டில் நின்றால், பத்தில் மூன்று முறை வெறுங்கை, சராசரியாக 1.19 புள்ளி. இரண்டு எறிதல் என்றால் 1.40. 60 சதவீதக்காரருக்கு ஒன்-அண்ட்-ஒன்னில் 0.96 தான், ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. ஆட்டத்தின் 38-ஆவது நிமிடத்தில் யாரை உள்ளே வைத்திருக்கிறோம் என்பது இந்தக் கணக்குதான்.

மூன்று புள்ளி முன்னிலை: ஃபவுல் செய்வதா?

தீராத விவாதம். 2008 இறுதியாட்டத்தில் மெம்ஃபிஸ் 2:12 இருக்கையில் கன்சாஸை விட 9 புள்ளி முன்னிலை. ஃப்ரீ த்ரோக்கள் தவறின. கடைசியில் மூன்று புள்ளி முன்னிலையில் ஃபவுல் செய்யப் பார்த்து, அது கைகூடவில்லை. மரியோ சால்மர்ஸ் 2.1 விநாடி இருக்கையில் த்ரீயைப் போட்டு 63-63 ஆக்கினார். ஓவர்டைமில் கன்சாஸ் 75-68. "ஃபவுல் செய்" என்று பெஞ்சிலிருந்து கத்துவது எளிது. எப்படிச் செய்வது என்று கற்றுத்தராவிட்டால் மைதானத்தில் அது நடக்காது.

எங்கள் பரிந்துரை: 6 விநாடிக்குக் கீழே, எதிரணி ஏற்கெனவே ஃப்ரீ த்ரோ நிலையில் இருந்தால், செய்யுங்கள். 8 விநாடிக்கு மேல் வேண்டாம். அவர்களுக்கு இன்னொரு சுற்று கிடைத்துவிடும். நேரம் இரண்டு விநாடிக்குக் கீழே போய்விட்டாலும் வேண்டாம். எறிபவர் கை உயரும் தருணத்தில் தொட்டால் மூன்று எறிதல்.

செய்யும் விதம்: பந்து வைத்திருப்பவர் பின்கோர்ட்டில் தட்டிக்கொண்டு வரும்போது, அல்லது வளையத்துக்கு முதுகு காட்டி வாங்கும்போது. இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், பந்து தரையை நோக்கிப் போக வேண்டும். ஒரு கையால் பந்தை நோக்கி அடியுங்கள். இரு கைகளால் கட்டிப்பிடித்தாலோ பின்னாலிருந்து இழுத்தாலோ ஃபிளேக்ரன்ட் 1 என்ற கடுமையான ஃபவுல்: இரண்டு எறிதலும் கொடுத்து, பந்தும் அவர்களுக்கே. சாதாரண ஃபவுலை நடுவர் கவனிக்காமல் விடும் ஆபத்தும் இருக்கிறது. தொட்டபின் விளையாட்டை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்துக் கைவிரிக்கக் கூடாது. விசில் காதில் விழும் வரை தடுப்பு தொடர வேண்டும்.

அடுத்து நடப்பதுதான் பலர் ஒத்திகை பார்க்காத இடம். அவர் முதல் எறிதலைப் போடுவார், இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிடுவார். பந்து வளையத்தைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் விதிமீறல், பந்து நமக்கு. எறிதலின்போது வளையத்தடிப் பாதையின் ஓரத்தில் நம்மவர் நால்வர், அவர்கள் இருவர். உள்ளே நிற்கும் இருவர் பந்தைப் பார்க்காமல் முதலில் ஆளை முதுகால் மறிக்க வேண்டும். மூன்றாமவரின் ஒரே வேலை எறிந்தவரை மறிப்பது. வளையத்தில் பந்து பட்டுத் திரும்பி நேரே எறிந்தவர் கைக்கே வருவது அடிக்கடி நடக்கும். ரீபவுண்ட் எடுத்தவர் பந்தைத் தாழ்த்தாமல் தலைக்கு மேல் வைத்துக்கொள்ளட்டும்.

ஃபவுல் வேண்டாம் என்ற முடிவானால் எல்லா ஸ்கிரீனிலும் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். உதவிக்கு உள்ளே போகாதீர்கள். இரண்டு புள்ளியை விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை.

பின்தங்கியிருந்தால்

ஃபவுல் கணக்கைப் பாதியின் நடுவிலேயே கவனிக்காத அணிக்கு இங்கே அடி விழும். 50 விநாடியில் ஐந்து புள்ளி பின்தங்கி, உங்கள் அணி இதுவரை நான்கே ஃபவுல் செய்திருந்தால், எதிரணியை எறிதல் கோட்டுக்கு அனுப்பவே மூன்று ஃபவுல் வேண்டும். அதற்குள் 8-10 விநாடி போய்விடும். எட்டுப் புள்ளி பின்தங்கி இரண்டரை நிமிடம் இருக்கும்போதே, ஆக்ரோஷமாக மடக்கி விளையாடும் சாக்கில் அந்த ஃபவுல்களைச் செலவழித்துவிடுங்கள்.

எப்போது ஃபவுல், எப்போது தடுப்பு? மூன்று புள்ளிக்குள், 45 விநாடிக்கு மேல் என்றால் ஒரு முழுத் தடுப்பு ஆடலாம். ஷாட் கிளாக் முழுதும் ஓடினாலும் 12-15 விநாடி கையில் இருக்கும். 35-க்குக் கீழே என்றால் உடனே. நடுவில் இருக்கும் பத்து விநாடி பயிற்சியாளரின் துணிச்சலைப் பொறுத்தது. யாரைத் தொடுவது என்பது அட்டையில் இருக்கிறது. அவர்களின் நல்ல எறியாளரிடம் பந்து போகாமல் இருவர் மறியுங்கள், மோசமானவருக்கு வழிவிடுங்கள்.

ஆட்டம் சமநிலையில், பந்து உங்களிடம், 50 விநாடி என்றால் 40-க்கு முன் ஒரு ஷாட்டை எடுத்துவிடுங்கள். எதிரணி முழு 30-ஐக் கரைத்தாலும் கடைசிப் பந்து உங்களுடையது. ஆனால் மோசமான ஷாட் எடுக்க இது உரிமம் இல்லை.

கடைசிப் பந்து

சமநிலையில் இருந்தால் ஷாட் 2 விநாடியில் கையை விட்டுப் போகட்டும். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தால் 5 விநாடியில். தவறினால் ரீபவுண்டுக்கு நேரம் வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகவே ஆடும் அணிகள் ஏராளம்.

விநாடிக் கணக்கு: 4-க்கு மேல் இருந்தால் முழு மைதானத்தையும் தட்டிக்கொண்டே கடக்கலாம். 1995-இல் யு.சி.எல்.ஏ-வின் டைஸ் எட்னி மிசௌரிக்கு எதிராக 4.8 விநாடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய் லே-அப் (வளையத்தருகே ஓடிச்சென்று போடுவது) போட்டு 75-74 என்று முடித்தார். 2 முதல் 3 விநாடி என்றால் நீண்ட பாஸ், இரண்டு தட்டு. 0.4 விநாடிக்கு வாங்கி உடனே எறியலாம். 0.3 அல்லது அதற்குக் கீழே என்றால் பந்தைப் பிடித்து எறிந்தது செல்லாது. தட்டிவிட்டால் மட்டுமே கணக்கு.

எதிரணி கூடை போட்டு 6-7 விநாடி மிச்சமிருந்தால் டைம்-அவுட் எடுக்கத் துடிக்காதீர்கள். தடுப்பு சிதறியிருக்கும் நேரம் அதுதான். டைம்-அவுட் அவர்களுக்கு ஒழுங்குபட வாய்ப்பளிக்கும். 2021 அரையிறுதி ஓவர்டைமில் ஜேலன் சக்ஸ் டைம்-அவுட் இல்லாமல் ஓடிவந்து தூரத்திலிருந்து பலகையில் அடித்துப் போட்டார், கொன்சாகா 93, யு.சி.எல்.ஏ. 90. டைம்-அவுட் எடுப்பதாக இருந்தால் தினமும் ஒத்திகை பார்த்த ஒன்றே ஒன்றைத்தான் கூப்பிட வேண்டும். 2016 இறுதியில் வில்லனோவா 4.7 விநாடியில் செய்தது அதுதான்: ரையன் ஆர்சிடியாகோனோ பந்தைக் கொண்டுவந்து பின்னால் ஓடிவந்த கிரிஸ் ஜென்கின்ஸுக்குக் கொடுத்தார், 77-74. வெள்ளைப் பலகையில் புதிதாக வரைந்த எதுவும் 4 விநாடியில் வேலை செய்யாது.

பந்தைக் கையில் வைத்திருப்பவருக்கு ஒரு விதி: கால் தரையை விட்டபின் மனதை மாற்றாதே. 2025 இறுதியில் ஃபுளோரிடாவிடம் 65-63 எனப் பின்தங்கிய ஹூஸ்டனுக்கு ஒரு முழுப் பொசெஷன் இருந்தது. எமானுவல் ஷார்ப் த்ரீக்கு எழும்பினார், வால்டர் கிளேட்டன் பாய்ந்து மறித்தார், காற்றிலேயே பந்தை விட வேண்டியதாயிற்று. தானே எடுத்தால் நடந்ததாகிவிடும் என்பதால் ஷார்ப்பால் அதைத் தொடவும் முடியவில்லை. ஷாட்டே எடுக்காமல் சாம்பியன்ஷிப் போனது. தடுப்பாளர் பாய்ந்து வரும் தூரத்தில் இருந்தால் முதலில் பாவனை, அவர் பறந்து கடந்தபின் ஒரு தட்டு, பிறகு ஷாட். இதற்கு 1.5 விநாடி போதும்.

தடுக்கும் பக்கம் நின்றால், எறிபவர் முன் ஓர் ஆளை நிறுத்துங்கள். 1992-இல் 2.1 விநாடி இருக்கையில் கென்டக்கி அதைச் செய்யவில்லை. கிராண்ட் ஹில் தடையின்றி மைதானத்தின் மறுமுனைக்கு எறிந்தார், கிறிஸ்டியன் லெய்ட்னர் வாங்கித் திரும்பிப் போட்டார், டியூக் 104-103.

நடுவரை எப்படிக் கணக்கில் எடுப்பது

நடுவர்கள் மூவர்: பேஸ்லைனில் ஒருவர், பந்தின் பின்னால் ஒருவர், எதிர்ப்பக்க ஓரத்தில் ஒருவர். மூவரும் எந்தக் கல்லூரியின் ஊழியரும் அல்ல. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் வாங்கிப் பல கான்ஃபரன்ஸ்களுக்கு (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகள்) ஊதுபவர்கள். நேற்று வேறு ஊர், வேறு கூட்டாளிகள். ஒரே தொடுதலை ஒருவர் ஊதி இன்னொருவர் விடுவதில் பெரும்பகுதி கோணத்தால் வருகிறது: பேஸ்லைன் நடுவருக்கு உடம்பு தெரியும், கை தெரியாது. மிச்சம் பழக்கம். கடைசி நிமிடத்தில் "ஆட்டக்காரர்களே முடிவு செய்யட்டும்" என்று விசிலை வாய்க்குள் வைத்துக்கொள்வது எழுதாத வழக்கம்; விதிப்புத்தகத்தில் அப்படியொரு வரி கிடையாது.

இதற்கு நம் பக்க வேலை முதல் பாதியிலேயே தொடங்க வேண்டும். பெஞ்சில் ஒருவர் மூன்று பத்தி போட்டு, எந்த நடுவர் எதை ஊதினார், எதை விட்டார் என்று குறிக்கட்டும்: கை வைத்துத் தடுப்பது, உள்ளே தள்ளுமுள்ளு, நகரும் ஸ்கிரீன், பிளாக்/சார்ஜ் (மோதலில் தவறு தடுப்பாளருடையதா, தாக்குபவருடையதா). இந்த நான்கு போதும். 8 நிமிடத்துக்குக் கீழே வரும் மீடியா டைம்-அவுட்டில் அதை அணிக்கு ஒரே வரியில் சொல்லுங்கள்: "உள்ளே தள்ளினால் விடுகிறார்கள், வெளியே கை வைத்தால் ஊதுகிறார்கள்." கடைசி நிமிடத்துக்கான தாக்குதலை அதன்படி தேர்ந்தெடுங்கள். தள்ளுமுள்ளு ஊதப்படாத இரவில் உள்ளே பந்தைப் போட்டு ஃபவுலுக்குக் காத்திருப்பது வீண்.

தடுப்பில் சந்தேகத்துக்கு இடமில்லாதவற்றை மட்டும் செய்யுங்கள். தட்டிக்கொண்டு போகிறவர் மீது கையோ முழங்கையோ வைத்துக்கொண்டே இருப்பது, இரண்டு கையும் வைப்பது, திரும்பத் திரும்பக் குத்துவது, முன்கையைக் குறுக்கே போட்டு மறிப்பது: நான்கும் விதிப்படி ஃபவுல். சார்ஜ் வாங்கக் கடைசி நிமிடத்தில் ஆசைப்பட வேண்டாம். 2023-24 முதல், தாக்குபவர் எழும்பக் காலை ஊன்றும்போதே தடுப்பாளர் இடம்பிடித்திருக்க வேண்டும். நொடியின் பின்னத்தை வேறொருவர் கண்ணுக்கு விடுகிறீர்கள். நேராக மேலே கை உயர்த்தி எழும்புவது பத்திரம்.

த்ரீ எறிபவர் இறங்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள். 2019 அரையிறுதியில் ஆபர்ன் 62-60 முன்னிலை. 0.6 விநாடி இருக்கையில் வர்ஜீனியாவின் கைல் கை எறிந்தபோது தடுப்பாளர் உடம்போடு மோத, ஃபவுல். மூன்றையும் போட்டு 63-62. சற்று முன் வர்ஜீனியாவின் டை ஜெரோம் பந்தைப் பிடித்தபின் இரண்டாம் முறை தட்டியதை நடுவர்கள் விட்டுவிட்டார்கள். ஆபர்ன் ஆதரவாளர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கும் சற்று முன் ஆபர்ன் இரண்டு எறிதலில் ஒன்றைத் தவறவிட்டிருந்தது. அது விழுந்திருந்தால் அந்த ஃபவுல் ஆட்டத்தைப் பறித்திருக்காது, ஓவர்டைமுக்குத்தான் அனுப்பியிருக்கும்.

சேலஞ்ச் இப்போது பயிற்சியாளர் கையில் இருக்கிறது. 2025-26 சீசனிலிருந்து ஆண்கள் ஆட்டத்தில் பந்து வெளியே போனது யாரால், கோல்டெண்டிங் (வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தடுப்பது) அல்லது வளையத் தலையீடு, உதவிக்கு வந்த தடுப்பாளர் வளையத்தடியில் வரைந்த அரைவட்ட வில்லுக்குள் இருந்தாரா என்ற மூன்றைக் கேள்வி கேட்கலாம். டைம்-அவுட் கையில் இருந்தால்தான் கேட்க முடியும். முதல் கேள்வி பலித்தால் இன்னொன்று கிடைக்கும். பலிக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஆகவே கடைசி நான்கு நிமிடத்துக்குள் ஒரு டைம்-அவுட்டைச் சேலஞ்சுக்காகவே ஒதுக்குங்கள். "அவன் கைல பட்டுச்சு கோச்!" என்று ஆட்டக்காரர் சொல்வதை நம்பிக் கேட்காதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். பெஞ்சில் நிதானமாகப் பார்த்தவர் சொல்லட்டும். சாதாரண ஃபவுல், நடப்பது, இரண்டாம் முறை தட்டுவது எதையும் இதில் கேட்க முடியாது.

கடிகாரத் தவறு வேறு வகை. அதை நடுவர்கள் தாங்களாகவே திரையில் பார்க்கலாம். விசில் ஊதப்பட்ட கணத்தில் கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை ஒருவருக்குக் கொடுங்கள். "4.2-இல் ஊதினீர்கள், 3.5 காட்டுகிறது" என்றால் நடுவர் போய்ப் பார்ப்பார். "நேரம் போயிடுச்சு" என்றால் பார்க்க மாட்டார்.

நடுவரிடம் பேசும் முறையும் தொழில்தான். பந்து நின்றபின், அருகில் இருப்பவரிடம், தாழ்ந்த குரலில், கேள்வியாக: "கையா, உடம்பா, எதைப் பார்த்தீங்க?" பதில் வந்தால் அடுத்த பொசெஷனுக்குத் தகவல் கிடைத்தது. கத்தினால் டெக்னிக்கல், இரண்டு எறிதல். மூன்று புள்ளி ஆட்டத்தில் அந்த இரண்டு புள்ளியை எந்த நடுவரும் உங்களிடமிருந்து திருடவில்லை.

ஒத்திகை

வாரத்தில் இரண்டு நாள், பயிற்சியின் முடிவில், களைத்தபின், 15 நிமிடம். பலகையில் நிலையை எழுதுங்கள்: 38 விநாடி, இரண்டு புள்ளி பின்தங்கல், டைம்-அவுட் ஒன்று, அம்பு நமக்கு, நம் ஃபவுல் ஆறு. பயிற்சியாளர் வாய்திறக்கக் கூடாது; ஆட்டக்காரர்களே முடிவெடுக்கட்டும். அடுத்த சுற்றுக்கு நிலையை மாற்றுங்கள். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் நடுவராக நின்று, மூன்றில் ஒரு முறை வேண்டுமென்றே தவறாக ஊத வேண்டும். முதல் வாரம் எல்லோரும் கை விரித்து நிற்பார்கள், அதற்குள் எதிரணி லே-அப் போட்டுவிடும். மூன்றாவது வாரத்தில் திரும்பி ஓடத் தொடங்குவார்கள்.

ஆட்டம் முடிந்தபின் மிச்சமிருக்கும் குறையை செய்தியாளர் சந்திப்பில் கொட்டாதீர்கள். பல கான்ஃபரன்ஸ்களில் அதற்கு அபராதமோ கண்டனமோ உண்டு. கான்ஃபரன்ஸின் நடுவர் ஒருங்கிணைப்பாளருக்கு ஐந்து துண்டுக் காணொளிக்கு மிகாமல் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் பாதி, கடிகார நேரம், நடுவர் நின்ற இடம், பொருந்தும் விதி எண். உரிச்சொல் ஒன்றும் வேண்டாம். உங்களுக்குச் சாதகமாகத் தவறிய விசில் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் மற்ற நான்கையும் கவனமாகப் பார்ப்பார்கள்.